வளைஞ்ச ஸ்ட்ரட்டும் வளையாத கீல் டியூபும்: கார் ஷெட்டுல நடந்த ஒரு அல்ட்ராலைட் ரிப்பேர், முழு விவரம்

பெங்களூரு ஹொரமாவு பக்கம் ஒரு அண்ணன் வீட்டு கார் ஷெட்டுல வச்சு ரெண்டு சீட்டு அல்ட்ராலைட் (ரொம்ப லேசான சின்ன) விமானம் ஒண்ணோட குழாய்களை சரி பண்ணோம், அதோட விவரத்தை முழுசா எழுதி வைக்கிறேன். நான் பீன்யா தொழிற்பேட்டைல டூல் ரூம் ஃபிட்டர். விமானம் ஓட்டத் தெரியாது, ஆனா குழாய், போல்ட், ஓட்டை, டாலரன்ஸ் எல்லாம் தினமும் கையில புழங்குற விஷயம். விமானம் அண்ணனோடது. மூணாவது ஆள் ஒரு ரிட்டயர்டு ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்), நாங்க ரெண்டு பேரும் சார்னுதான் கூப்பிடுவோம், அவர் பார்த்து சரின்னு சொல்லாம ஒரு நட்டைக் கூட முறுக்கல.

இந்த வகை விமானம் ஹேங் கிளைடர், அதாவது ஆள் தொங்கிக்கிட்டுப் பறக்குற இன்ஜின் இல்லாத இறக்கையோட வம்சம். 1970கள்ல அமெரிக்காவுல ஹேங் கிளைடர்ல சின்ன இன்ஜினை மாட்டிப் பறக்க ஆரம்பிச்சாங்க, 1976ல ஜான் மூடிங்கிறவர் ஆஷ்கோஷ் ஏர் ஷோவுல அப்படிப் பறந்து காட்டினதுல இருந்து இது சூடு பிடிச்சுது. அந்தப் பரம்பரைங்கிறதால இதுல வெல்டிங் கிடையாது, 6061-டி6 அலுமினியக் குழாய், நடுவுல சேடில் (குழாயை அணைச்சுப் பிடிக்கிற வளைவான துண்டு), குறுக்க போல்ட், மேல டேக்ரான் துணி, அவ்வளவுதான். எல்லாமே ஸ்பேனரால கழட்டி மாட்டலாம்ங்கிறதுதான் இதோட அழகு, வீட்டுலயே பண்ணிடலாமேன்னு எல்லாருக்கும் தோண வைக்கிறதும் அதேதான்.

நடந்தது இதுதான். ஊருக்கு வெளிய ஒரு தனியார் ஸ்ட்ரிப்புல சாயங்காலம் இறங்கும்போது பக்கக் காத்து, இடது சக்கரம் முதல்ல தரையைத் தொட்டுச்சு, அதுவும் கொஞ்சம் கோணலா, ஒரு தடவை எகிறி திரும்ப உட்கார்ந்துச்சு. யாருக்கும் அடி இல்ல. இறங்கிப் பார்த்தா இடது சக்கரத்துல இருந்து பின்பக்கமா, விமானத்தோட நடு நீளக் குழாயான கீல் டியூபுக்குப் போற டிராக் ஸ்ட்ரட், அதாவது தாங்கு குழாய், வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. விமானத்தைக் கழட்டி ட்ரெய்லர்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டு அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு. "தம்பி, ஒரு டியூப் வளைஞ்சிருக்கு, உங்க ஃபேக்டரி பிரஸ்ல வச்சு நிமித்திக் கொடுத்துட முடியுமா?"

நிமித்துறது பெரிய விஷயமே இல்ல, வி பிளாக்ல வச்சு ஹைட்ராலிக் பிரஸ்ல அரை மணி நேர வேலை, பார்வைக்கு நூல் பிடிச்ச மாதிரி வந்துடும். ஆனா நான் மாட்டேன்னுட்டேன், ஏன்னு கணக்கோட சொல்லணும், ஏன்னா இந்த ஒரு கேள்விலதான் நிறைய பேர் வழுக்குறாங்க.

அந்த ஸ்ட்ரட் ஒரு இஞ்ச் குழாய், அதாவது 25.4 மி.மீ., சுவர் 1.47 மி.மீ., போல்ட்டுக்குப் போல்ட் நீளம் ஒண்ணரை மீட்டர். இதைப் பிடிச்சு இழுத்தா 30,000 நியூட்டன் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட மூணு டன் வரைக்கும், குழாய் நிரந்தரமா நீளாது. ஆனா அமுக்கினா கதையே வேற. ரெண்டு முனையும் போல்ட்ல நிக்கிற நேரான குழாய், ஆய்லர் கணக்குப்படி, 2,400 நியூட்டன்லயே பக்கவாட்டுல பிதுங்கிடும். 245 கிலோ! மூணு டன் எங்க, கால் டன் எங்க. இந்த கால் டன்னும் குழாய் நேரா இருந்தாத்தான். நடுவுல 10 மி.மீ. வளைவு முன்னாடியே இருந்துச்சுன்னா 2,000 நியூட்டன் வரும்போது அந்த வளைவு 60 மி.மீ. ஆகிடும், அங்கிருந்து இன்னும் துளி ஏறினா மெட்டல் யீல்டு ஆகி, அதாவது திரும்ப நேராகாத அளவுக்கு வளைஞ்சு, மடங்கிடும். அதுல ஒரு நசுங்கல் வேற இருந்தா அவ்வளவு தூரம் கூட வராது. அமுக்கு விசை தாங்குற குழாயைப் பொறுத்தவரை நேரா இருக்கிறதுதான் அதோட பலமே.

சரி, நிமித்திட்டா நேராயிடுமேன்னு கேட்கலாம். ஆகும். ஆனா டி6ங்கிறது மெட்டலை 530 டிகிரி கிட்ட சூடாக்கி, தண்ணில குவென்ச் பண்ணி, அப்புறம் 160, 170 டிகிரில மணிக்கணக்கா வச்சு எடுத்த நிலை. அப்படிக் கெட்டியான மெட்டலை ஒரு தடவை வளைச்சு திரும்ப எதிர்ப்பக்கம் வளைச்சா உள்ள விசைகள் தங்கிடும், வளைஞ்ச இடத்துல குழாய் லேசா முட்டை வடிவம் ஆகியிருக்கும், நுண்ணிய விரிசல் இருந்தாலும் இருக்கும். சூடு காட்டி நிமித்தினா இன்னும் மோசம், டி6ல 276 மெகாபாஸ்கல் இருக்கிற யீல்டு, முழுசா அனீல் ஆனா, அதாவது சூட்டுல மெத்துன்னு ஆனா, 55க்கு விழுந்துடும். அலுமினியத்துல வெல்டிங் வைக்கக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான், வெல்டு பக்கத்துல இருக்கிற மெட்டல் மெத்துன்னு ஆகிடும். ஸ்டீல் குழாய் விமானம்னா, 4130 குரோமோலி, அதுல வெளி ஸ்லீவ் (மேல மாட்டுற குழாய் உறை) போட்டு வெல்டு பண்ற முறையெல்லாம் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வோட ஏசி 43.13-1பி கையேட்டுல படத்தோட இருக்கு, அதை அலுமினியத்துக்கு அப்படியே கொண்டு வரக் கூடாது.

அண்ணனோட ஸ்ட்ரட்டை வெயில்ல திருப்பிப் பார்த்தப்ப ஒண்ணு கவனிச்சோம். ஆனோடைஸ் பண்ண, அதாவது மேல கெட்டியான ஆக்சைடு படலம் ஏத்தின குழாய் அது. வளைவோட வெளிப்பக்கம், மெட்டல் இழுபட்ட பக்கத்துல, தலைமுடி அளவுக்கு மெல்லிசான கோடுகள் குறுக்க வரிசையா ஓடுது, விரலால தடவினா தெரியல, சாய்ச்சுப் பிடிச்சு லூப்ல (உருப்பெருக்கிக் கண்ணாடில) பார்த்தாத்தான் தெரியுது. ஆனோடைஸ் படலம் கண்ணாடி மாதிரி, கூட சேர்ந்து நீளாது, வெடிச்சுடும். இது நமக்கு பெரிய உதவி, ஏன்னா மத்த குழாய்கள்ல எங்கயாவது இந்தக் கோடு இருந்தா அந்த இடமும் அளவுக்கு மேல இழுபட்டிருக்குன்னு அர்த்தம். எல்லாக் குழாயையும் அப்படித் தேடினோம். ஒண்ணுலயும் இல்ல. அண்ணனுக்கு சந்தோஷம், "அப்போ ஒரு ஸ்ட்ரட்டோட முடிஞ்சுது"ன்னாரு.

சார் ஒத்துக்கல. அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். "ஸ்ட்ரட் எங்கயோ சாய்ஞ்சு நின்னதாலதான்பா வளைஞ்சுது. அந்தச் சுவரைப் போய் பாரு. சக்கரத்துல வாங்கின அடி எந்த போல்ட் வழியா எந்தக் குழாய்க்குப் போச்சோ, அந்த வழியில ஒவ்வொரு மூட்டையும் பிரி. தொடர்ந்து ரெண்டு மூட்டு சுத்தமா இருக்கிற வரைக்கும் நிறுத்தாத."

நான் இந்த ரிப்பேர்ல கத்துக்கிட்டதுல முக்கியமானது இதுதான். வளைஞ்ச குழாய் தன்னை எல்லாருக்கும் காட்டிக்கும், அதை யாரும் தவற விட மாட்டாங்க, அதனாலயே அது அவ்வளவு ஆபத்து இல்ல. வளையாம, நேரா, பளபளன்னு நிக்கிற பக்கத்துக் குழாயோட ஓட்டைக்குள்ளதான் விவகாரமே.

ஸ்ட்ரட்டோட பின்முனை கீல் டியூபுல ஒரு பிளாஸ்டிக் சேடில் மேல உட்கார்ந்து, குறுக்க ஒரு கால் இஞ்ச் ஏஎன்4 (விமானத் தர) போல்ட்டால பிடிக்கப்பட்டிருக்கு. போல்ட்டைக் கழட்டி கண்ணாடித் தகடு மேல உருட்டினோம், லேசா தள்ளாடுச்சு. கால் இஞ்ச் ஏஎன் போல்ட் 125,000 பிஎஸ்ஐ ஸ்டீல், அதுவே வளைஞ்சிருக்குன்னா அது குத்தி நின்ன 1.65 மி.மீ. அலுமினியச் சுவர் என்ன பாடு பட்டிருக்கும்? சேடிலைத் தள்ளிட்டு ஓட்டையை அளந்தா மேல-கீழ 6.35, சரியா இருக்கு, குழாய் நீளவாக்குல 6.8. ஓட்டை நீண்டிருக்கு. சேடிலுக்கு அடில வெள்ளையா மாவு மாதிரி கொஞ்சம் துரு வேற. சேடில் இருந்த வரைக்கும் இது ரெண்டுமே வெளிய தெரிய வாய்ப்பே இல்ல.

இங்கதான் அண்ணனுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். கீல் டியூபுங்கிறது விமானத்தோட முதுகெலும்பு, வால், சீட்டு, கியர் எல்லாம் அதுலதான் தொங்குது, அதை மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். "ஓட்டையை 5/16 இஞ்ச்சுக்கு ரீமர் (ஓட்டையைச் சீராப் பெருசாக்குற டூல்) போட்டு பெரிய போல்ட் போட்டுட்டா போச்சு, இல்லன்னா உள்ள ஒரு ஸ்லீவ் தள்ளிடலாம், நெட்டுல எல்லாரும் பண்றாங்க தம்பி"ன்னாரு. அவர் கோபம் நியாயமானதுதான், பறக்குற சீசன் போயிட்டிருந்துச்சு. ஆனா அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவுல எடுத்தது. அங்க 1982ல இருந்து பார்ட் 103னு ஒரு விதி இருக்கு, ஒரே சீட்டு, வெறும் எடை 254 பவுண்டுக்குள்ள, அதாவது 115 கிலோ, அப்படின்னா பதிவும் வேண்டாம், சர்டிஃபிகேட்டும் வேண்டாம், ரிப்பேரும் அவங்கவங்க பொறுப்பு. இங்க அப்படி இல்ல. அண்ணனோட விமானம் வி.டி. எழுத்துப் போட்டு டி.ஜி.சி.ஏ.ல (நம்ம நாட்டு விமானத் துறை அமைப்பு) பதிவான விமானம், ரெண்டாவது ஆளை ஏத்திட்டுப் பறக்குறது, ஷெட்டுல நாமளா ஒரு முடிவு எடுத்துட்டு மறுநாள் கிளம்பிட முடியாது. சட்டத்தை விடுங்க, மெட்டல் என்ன சொல்லுது? அந்த கீல் டியூப் ரெண்டு இஞ்ச், கால் இஞ்ச் போல்ட்டு ஓட்டை ரெண்டு சுவர்லயும் சேர்த்து குழாயோட குறுக்குவெட்டுல 8 சதவீதத்தைத் தின்னுது, 5/16னா 10 சதவீதம். பரப்புல பெரிய வித்தியாசம் இல்லதான். ஆனா ஓட்டை விளிம்புல விசை மூணு மடங்கு வரைக்கும் குவியும், அந்த விளிம்பு ஏற்கெனவே அடி வாங்கின விளிம்பு, பெருசாக்குறதால அடிபட்ட மெட்டல் முழுக்க வெளிய வந்துடுச்சான்னு கண்ணால சொல்ல முடியாது. உள் ஸ்லீவும் சும்மா ஒரு துண்டைத் தள்ளுறது இல்ல, அதோட நீளம், முனையைச் சாய்வா வெட்டுறது, எங்க எங்க போல்ட்னு ஒவ்வொண்ணையும் டிசைன் பண்ணவங்கதான் சொல்லணும். ஸ்லீவ் முடியுற இடத்துல விறைப்பு சட்டுன்னு மாறினா அடுத்த விரிசலை நாமளே அங்க வரவழைச்ச மாதிரி.

அதனால போட்டோ, அளவு எல்லாம் சேர்த்து விமானத்தைக் கிட்டா செஞ்ச கம்பெனிக்கு அனுப்பினோம். பதில் வர கொஞ்சம் நாள் ஆச்சு. கீல் டியூப்ல ஓட்டை நீண்டிருந்தா ரிப்பேர் இல்ல, மாத்தணும், ஸ்ட்ரட்டும் புதுசுன்னு எழுதியிருந்தாங்க. அண்ணன் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல, ஆர்டர் போட்டுட்டாரு.

நடுவுல அண்ணன் எஸ்.பி. ரோடு பக்கம் போய் ஒரு கடைல குழாய் வாங்கிட்டு வந்திருந்தாரு, ஸ்ட்ரட்டுக்காவது ஆகும்னு. கடைக்காரர் 6061ன்னு சத்தியம் பண்ணாராம். இதைப் பத்தியும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல குழாய் கிடைக்கிறது கஷ்டமே இல்ல, என்ன குழாய்னு தெரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். ஜன்னல், பார்ட்டிஷன் எல்லாத்துக்கும் வர்றது 6063. எடை ஒண்ணு, நிறம் ஒண்ணு, தட்டினா சத்தமும் ஒண்ணு. ஆனா 6063-டி6 யீல்டு 214தான், டி5ன்னா 145. பீன்யாவுல ஒரு லேப்ல சின்னத் துண்டு கொடுத்து ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் பண்ணோம். 6061ல செம்பு 0.15ல இருந்து 0.40 சதவீதம் இருக்கணும், 6063ல 0.10ஐத் தாண்டக் கூடாது. இதுல செம்பு இருந்த தடமே இல்ல. ஸ்பெக்ட்ரோ கலவையைத்தான் சொல்லும், டெம்பரை, அதாவது டி6 மாதிரி கெட்டிப் பதத்தைச் சொல்லாது, அதனால வெப்ஸ்டர் ஹார்ட்னஸ் டெஸ்டரால குழாய்ச் சுவரையும் கவ்விப் பார்த்தோம், பழைய ஸ்ட்ரட்டை விட நல்லா கீழ காட்டுச்சு. ரெண்டு டெஸ்ட்டும் சேர்ந்தாத்தான் முழு விடை, ஒண்ணை மட்டும் பண்ணிட்டு நம்பக் கூடாது.

அளவுலயும் ஒரு சிக்கல் இருந்துச்சு. அது 25 மி.மீ. மெட்ரிக் குழாய், நம்ம சேடில் 25.4க்குச் செஞ்சது. 0.4 மி.மீ. லூஸ். கையில பிடிச்சா ஒண்ணும் தோணாது, ஆனா போல்ட்டை இறுக்கும்போது சேடில் குழாயை முழுசா அணைக்காம ரெண்டு கோட்டுல மட்டும் அமுக்கும், குழாய் முட்டை வடிவம் ஆகும். போல்ட்லயும் இதே கதை, கால் இஞ்ச் ஓட்டைல எம்6 போட்டா 0.35 மி.மீ. ஆட்டம், ஒவ்வொரு தடவை தரை இறங்கும்போதும் போல்ட் ஓட்டையை அடிச்சு அடிச்சு பெருசாக்கும். இஞ்ச் விமானத்துக்கு இஞ்ச் சாமான்தான். அந்த 0.058 இஞ்ச் சுவர் கூட சும்மா வச்சது இல்ல, ஒரு இஞ்ச் குழாய்க்குள்ள 7/8 இஞ்ச் குழாய் ஒன்பது தவ் (ஆயிரத்துல ஒன்பது இஞ்ச்) இடைவெளில அழகா போய் உட்காரும், அப்படி எட்டுல ஒரு இஞ்ச் படி படியா ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மெட்ரிக் குழாயைக் கலந்தா அந்த ஏற்பாடே குலைஞ்சு போகும். கடைக் குழாயை அதுக்கப்புறம் ஓட்டை போட்டுப் பார்க்கிற சாம்பிளா மட்டும் வச்சுக்கிட்டோம்.

புது கீல் டியூப் ட்ரில் பண்ணி வந்துச்சு. ஸ்ட்ரட்டுல ஒரு முனை மட்டும் நாங்க ட்ரில் பண்ண வேண்டியிருந்துச்சு. குழாய்ல எதிரெதிர் பக்கம் ஓட்டை நேர்கோட்டுல வரணும்னா ஒரே பக்கத்துல இருந்து குத்தித் தள்ளக் கூடாது, பிட் உள்ள நுழைஞ்சதும் நழுவும். ஒரு காகிதப் பட்டையைக் குழாய் மேல சுத்தி, சேர்ற இடத்துல வெட்டி, எடுத்து ரெண்டா மடிச்சா மடிப்புதான் நேர் எதிர்ப்பக்கம். திரும்பச் சுத்தி ரெண்டு இடத்துலயும் ஃபெல்ட் பேனாவால குறி. ஸ்க்ரைபரால கீறவே கூடாது, அந்தக் கீறல் விரிசலுக்கு விதை. பென்சிலும் வேண்டாம், கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்துல சேர்ந்தா அரிக்கும். வி பிளாக்ல கட்டி, ட்ரில்லை நேரா வழி நடத்துற புஷ் வச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் 6 மி.மீ., அப்புறம் ரீமர் ஒரே மூச்சா ரெண்டு சுவர் வழியாவும் கால் இஞ்ச்சுக்கு. போல்ட் கட்டைவிரல் அழுத்தத்துல போகணும், தானா விழவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது.

பிசிறு எடுக்கிறதுலதான் நான் அதிக நேரம் செலவழிச்சேன். வெளிப்பக்கம் சுலபம். உள்பக்கம் குழாய்க்குள்ள கை போகாது, ஒரு நீளக் குச்சில 400 எமரியைச் சுத்தி, உள்ள விட்டு, ஓட்டை விளிம்பு வழவழன்னு ஆகுற வரைக்கும், அப்புறம் 600. ஏன் இவ்வளவுன்னு கீழ சொல்ற விஷயத்தைப் படிச்சா புரியும்.

மாட்டுறதைப் பத்தி சுருக்கமா. நைலாக் நட்டு எல்லாம் புதுசு, பழசு கையாலயே சுத்துதுன்னா அது நட்டே இல்ல. போல்ட்டோட மறை சுவருக்குள்ள வரக் கூடாது, வழவழ தண்டுதான் சுவர்ல நிக்கணும். ஏஎன்4க்கு டேபிள்ல 50ல இருந்து 70 இஞ்ச்-பவுண்டு டார்க் (முறுக்கு விசை) போட்டிருக்கும், அது குழாய்க்குள்ள தாங்கி நிக்கிற புஷ் இருக்கிற மூட்டுக்குத்தான், வெறும் குழாய் குறுக்க போற போல்ட்டுக்கு அந்த டார்க் கொடுத்தா குழாய் நசுங்கும். அதுக்கு கம்பெனி மேனுவல் சொல்றதுதான். மாட்டி முடிச்சதும் வால் முனைல இருந்து ரெண்டு பக்க விங் ஸ்ட்ரட் ஃபிட்டிங்குக்கும் டேப் பிடிச்சு குறுக்கு அளவு எடுத்தோம், ரெண்டும் ஒத்து வந்துச்சு, அப்புறம்தான் துணி.

பழைய கீல் டியூபை சார் தூக்கிப் போட விடல. அந்த மூட்டை மட்டும் ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து, நீளவாக்குல பிளந்து, டி.பி. (டை பெனிட்ரன்ட், சாயத்தால விரிசலைக் காட்டுற) டெஸ்ட் பண்ணச் சொன்னாரு. சிவப்பு டை அடிச்சு, காத்திருந்து, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சோம். வெளிச்சுவர்ல ஒண்ணும் இல்ல. உள்சுவர்ல, ஓட்டையோட கீழ் விளிம்புல இருந்து, ஒரு சிவப்புக் கோடு மெதுவா வெள்ளைல ஊறி வந்துச்சு. சுண்டு விரல் நக நீளம் கூட இல்ல, குழாயோட சுத்தளவு திசைல. அது ஆரம்பிச்ச இடத்துல பழைய ட்ரில்லிங் பிசிறு ஒண்ணு எடுக்காம அப்படியே நிக்குது.

அந்தத் துண்டை வைஸ்ல கவ்வி விரிசல் வழியா உடைச்சுப் பார்த்தோம். உடைஞ்ச முகத்துல பாதி இடம் மங்கலா, சாம்பல் படிஞ்ச மாதிரி, மீதி இடம் நாங்க இப்ப உடைச்ச பளிச்சுன்னு இருக்கிற மெட்டல். மங்கலான பகுதி காத்து பட்டு பழசான முகம். அதாவது அந்த விரிசல் இந்த லேண்டிங்குல வந்ததே இல்ல, அதுக்கு முன்னாடியே வளர்ந்துக்கிட்டிருந்திருக்கு, அண்ணன் அதோடதான் பறந்துக்கிட்டிருந்திருக்காரு. அண்ணன் அந்தத் துண்டை வாங்கி லூப்ல ரொம்ப நேரம் பார்த்தாரு. ஓட்டையைப் பெருசாக்கி 5/16 போட்டிருந்தா ரீமர் ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ.தான் எடுத்திருக்கும், விரிசலோட முனை மெட்டல்லயேதான் இருந்திருக்கும், அதுவும் பெரிய போல்ட்டுக்கும் புது சேடிலுக்கும் பின்னால மறைஞ்சு.

சார் எல்லாத்தையும் லாக் புக்ல எழுதினாரு, மாத்தின பாகம், அதோட சர்டிஃபிகேட், எடை, சி.ஜி. (எடை மையம்) கணக்கு. இன்ஸ்பெக்ஷன் வந்து பார்த்தாங்க, கேட்ட பேப்பர் எல்லாம் கையில இருந்ததால இழுபறி இல்ல. முதல்ல டாக்ஸி, அப்புறம் ரன்வே மேலயே சின்னச் சின்ன ஹாப், திரும்ப வந்து எல்லா நட்டையும் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் சர்க்யூட் (ரன்வேயைச் சுத்தி ஒரு முழு வட்டம்). இனி வருஷாந்திர செக்ல அந்த கீல் போல்ட் ரெண்டையும் உருவி, சேடிலை எடுத்து, ஓட்டைக்குள்ள சின்ன போரோஸ்கோப் (குழாய்க்குள்ள பார்க்கிற கருவி) விட்டு உள்சுவரையும் பார்க்கணும்னு அண்ணனோட செக்லிஸ்ட்ல ஏத்தியாச்சு.

அதே டைப் விமானம் வச்சிருக்கிற அண்ணனோட நண்பர்கள் ரெண்டு பேருக்கு விரிசல் போட்டோவை அனுப்பினோம். ஒருத்தர் உடனே கழட்டி டி.பி. பண்ணிப் பார்த்துட்டாரு, சுத்தமா இருக்கு, உள் பிசிறை மட்டும் எடுத்துட்டு புது போல்ட் போட்டுட்டாரு. இன்னொருத்தர் வர்ற ஞாயித்துக்கிழமை கழட்டுறாரு, லூப்பும் டி.பி. கேனும் நான் எடுத்துட்டுப் போறேன்.